லீவியோ சொன்னது

கறுஞ்சட்டைப் பாசிசப் படையின் கேப்டன் ஸெர்பினி பட்டியலை மேசையில் விரித்தான். காற்றுக்குப் பறந்துவிடாமல் அதன்மேல் கைத்துப்பாக்கியை வைத்தான்.

ஐந்து பெயர்கள். சனிக்கிழமை எர்சீலியோ சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர்கள், அதற்கான மரக்கூண்டுக்குள் நுழைந்த வரிசைப்படி. கோயிலின் கடைசி பெஞ்சில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த எவனோ எழுதிக் கொடுத்திருக்கிறான்.

முதல் பெயர் லாரி மெக்கானிக் லீவியோ. இரண்டாவது, ஆற்றங்கரை மாவு மில்லை நடத்தும் விதவை அமாபிலே. அதற்குக் கீழே மூன்று.

யூத டாக்டர் ஸெக்ரேயின் குடும்பம் ஊருக்குள்தான் எங்கோ ஒளிந்திருந்தது. கைக்குழந்தையோடு ஆறு உயிர். யூதர்களை முகாமுக்கு ஏற்றிப் போகும் ஜெர்மன்காரனின் ரயில் வியாழக்கிழமை கிளம்புகிறது. அதில் அவர்களை ஏற்றிவிட வேண்டும். ஒளித்து வைத்தவர் யாரானாலும் அத்தனை பெரிய பயத்தைச் சாமியாரிடம் இறக்கி வைக்காமல் இருக்க மாட்டார். இது கேப்டனின் கணிப்பு.

ஐந்து வீடும் ஐந்து மூலையில் இருந்தன. தப்பான கதவை முதலில் உடைத்தால், அந்தச் சத்தத்திலேயே ஆறு பேரும் மலைக்குத் தப்பிவிடுவார்கள்.

அதனால்தான் காலையில் சாமியாரைத் தூக்கி வந்தார்கள்.

பள்ளிக்கூட வகுப்பறை. சாமியாரின் பூட்ஸையும் காலுறையையும் கழற்றிவிட்டார்கள். போர் தொடங்கி ஐந்தாவது குளிர்காலம், கல் தரை, அறுபத்திரண்டு வயதில் வாதம் பிடித்த கால்கள்.

"எங்க கொடிக்குத் தீர்த்தம் தெளிச்ச கைதானே சாமி இது? அப்ப இனிச்சோம், இப்பக் கசக்குறோமாக்கும்," என்றான் கேப்டன்.

உண்மைதான். ஒன்பது வருஷத்துக்கு முன், ரோமாபுரியே கைதட்டிய காலத்தில், அவரும் தெளித்தார். அந்த ஈரம் இன்னும் அவர் விரலில் காயவில்லை.

"லீவியோ என்ன சொன்னான்?"

சாமியார் சுவரைப் பார்த்தார்.

கார்ப்பரல் பிரம்பை எடுத்தான். உள்ளங்காலில் ஒன்று. இரண்டு. மூன்றாவதில் சாமியார் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் ஒன்றும் வீரர் அல்ல. பல் பிடுங்கப் பயந்து ஒரு வருஷம் ஒரே பக்கமாக மென்றவர்.

ஸெர்பினி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். குரல் இறங்கியது.

"நானும் ரெண்டு வருஷம் குருமடத்துல படிச்சவன்தான். காதுல விழுந்ததை நீங்க வெளிய விடக் கூடாது. சரி, விட வேணாம். அவன் ஒண்ணும் சொல்லலைன்னா, 'ஒண்ணும் சொல்லலை'ன்னு மட்டும் சொல்லுங்க. சொல்லாததுல என்ன ரகசியம் இருக்கு? அடுத்த பேருக்குப் போயிடலாம். அஞ்சும் முடிஞ்சா வீட்டுக்குப் போய்ச் சூடா சூப் குடிங்க."

ஒன்றும் சொல்லவில்லை. இரண்டே வார்த்தை.

அது சாமியாரின் நுனிநாக்கு வரை வந்தது. வாய் திறந்தது. கார்ப்பரல் பிரம்பைத் தாழ்த்தினான். கேப்டன் முன்னால் சாய்ந்தான்.

வாய் மூடிக்கொண்டது.

கேப்டன் விடவில்லை. ஐந்து பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தான். ஒவ்வொரு பெயருக்கும் அதே கேள்வி, அதே பிரம்பு. ஐந்துக்கும் சாமியாரிடம் ஒரே முகம். இந்தப் பெயருக்குச் சற்று அதிகம், அந்தப் பெயருக்குச் சற்றுக் குறைவு என்று பிரித்துப் பார்க்க ஒரு சுருக்கம்கூட அதில் அகப்படவில்லை.

"ஒரு பொய் சொல்லியிருந்தா இந்நேரம் வீட்டுல இருந்திருப்பீங்க," என்றான் கேப்டன். "வாய் கூசுது உங்களுக்கு. ரயில்ல இடம் இருக்கு சாமி, நீங்களே ஏறிக்குங்க."

"பூட்ஸைக் குடுத்துடுவீங்களா?"

காலை முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

கொடுக்கவில்லை.

நடுப்பகலில் திறந்த லாரி சந்தைத் தெரு வழியாகப் போனது. வீங்கிய கால்களோடு சாமியார் நிற்பதை ஊரே பார்த்தது. ஒளித்து வைத்தவருக்கு அந்தக் காட்சியே எச்சரிக்கை; இனி எந்தக் கதவை உடைத்தும் பயனில்லை. அது கேப்டனுக்கும் தெரியும்.

சாமியார் தங்கும் அறைவீட்டின் சமையல்காரி டெல்ஃபீனா லாரிக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள். நடுத்தெருவில் நின்று தன் கம்பளிக் காலுறைகளைக் கழற்றி உள்ளே எறிந்தாள்.

"போட்டுக்குங்க சாமி, வெக்கப்படாதீங்க. நேத்துத்தான் துவைச்சேன்."

சாமியார் போட்டுக்கொண்டார். முழங்கால் வரை வந்தது. பக்கத்தில் நின்ற சிப்பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

ஊர் எல்லை தாண்டியதும் அவருக்கு லீவியோ நினைவு வந்தது.

சனிக்கிழமை அவன் கூண்டில் மண்டியிட்டான். சிலுவை போட்டான். "சாமி..." என்று ஆரம்பித்து, நெற்றியை இருவருக்கும் நடுவே இருந்த தட்டியில் சாய்த்தான். மூன்று நாளாக ஜெர்மன்காரனின் லாரிகளுக்கு அடியில் கிடந்து வேலை பார்த்தவன். அடுத்து வந்தது குறட்டை.

சாமியார் எழுப்பவில்லை. கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். விழித்தவன் வாயைத் துடைத்துக்கொண்டு, வெட்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் ஓடிவிட்டான்.

லீவியோ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று சாமியார் சொல்லியிருந்தால், அது பொய்யாக இருந்திருக்காது.

ஆனால் கேப்டனின் விரல் இரண்டாவது பெயருக்கு, மாவு மில் விதவைக்கு, நகர்ந்திருக்கும். அங்கே அதே இரண்டு வார்த்தையை அவரால் சொல்லியிருக்க முடியாது.

அமாபிலே தூங்கவில்லை.