கத்தரித்த கதிர்

நெல்லைப் பூக்கவைக்கும் மரபணுவை நீக்கியவர் அவள் கணவர். "இது இனிப் பூக்காது" என்று கட்டுரை எழுதி முடித்த வாரமே இறந்துபோனார். எட்டு மாதமாக அவர் ஆய்வகத்து நெற்செடிகளுக்கு அவள்தான் தண்ணீர் ஊற்றிவந்தாள். இன்று காலை ஒரு தொட்டியில் கதிர் வந்திருந்தது.

"தொட்டி மாறியிருக்கும் அக்கா," என்றான் உடன் வேலை பார்ப்பவன். இலையைச் சோதித்தார்கள். மாலையில் முடிவு வந்தது. அந்த மரபணு இதில் இல்லை; தொட்டி மாறவில்லை.

"யாரும் பாக்கறதுக்குள்ள அறுத்துடுங்க. அண்ணன் எழுதினது பொய்யாயிடும்."

"தப்புன்னு ஒரு நாளாவது ஒத்துக்கிட்ட மனுஷனா அவர்?" என்றபடி கத்தரிக்கோலோடு குனிந்தாள்.

கலப்பினம் செய்பவர்கள், மறுநாள் வேறு செடியின் மகரந்தம் தூவுவதற்காக, முந்தின மாலையே நெற்பூக்களின் நுனியை வெட்டி வைப்பார்கள். காலையில் முழுதாக இருந்த பூக்களில் இப்போது நுனி இல்லை. வெட்டு இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த ஆய்வகத்தில் இடது கைக்காரராக இருந்தவர் அவள் கணவர் ஒருவர்தான். வெட்டிய இடம் இன்னும் காயவில்லை.