பவளத்துக்கு வைத்த பெயர்

"பேரு சொல்லுங்க சார். பேரு தெரியாம பவளத்தைத் தேடவே முடியாது" என்றார் கடைக்காரர்.

இது மூன்றாவது மீன்தொட்டிக் கடை. இங்கும் அதே பாட்டு. வாங்க வந்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கைப்பேசியை நீட்டினார். நடுவில் ஆரஞ்சு, ஓரமெல்லாம் பச்சை இழை, சட்டைப் பொத்தான் அளவில் பத்துப் பன்னிரண்டு பூக்கள். கடைக்காரர் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. படத்தில் எல்லாமே இப்படித்தான் இருக்குமாம்.

அது வீட்டு உப்புநீர்த் தொட்டியில் இவர் மனைவி உயிராக வளர்த்த பவளம்.

பத்து நாள் தங்கை வீட்டுக்குப் போனவள் ஒரே ஒரு வேலைதான் சொல்லிவிட்டுப் போனாள். தொட்டியில் நீர் குறைந்தால் கேனில் உள்ள சுத்தமான தண்ணீரை ஊற்ற வேண்டும். கேன் காலியானதும் இவர் குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்து ஊற்றிவிட்டார். தண்ணீர் தண்ணீர்தானே! மற்றதெல்லாம் எப்படியோ தப்பித்தது. இது மட்டும் கூழாகக் கரைந்துபோனது.

தினமும் படம் கேட்பவளுக்கு நான்கு நாளாகப் பழைய படங்களையே அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இன்று மாலை ஆறு மணிக்கு வந்துவிடுவாள்.

கடை முழுக்க நீல விளக்கு. ஒவ்வொரு பவளத் துணுக்கின் முன்னாலும் ஒரு பெயர்ச் சீட்டு. எரிமலைச் சிரிப்பு. பேரரசியின் காதணி. நள்ளிரவு வாணவேடிக்கை. நகத்தளவு உயிருக்கு என்ன பந்தா! முதல் கடையில் சாம்பல் நிலா என்றதையே இரண்டாவது கடையில் பூதக்கண் என்று விற்றார்கள். கேட்டால் முறைக்கிறார்கள்.

"வெள்ளை விளக்கைப் போடுங்கய்யா. நிஜ நிறத்தைப் பாக்கணும்."

கடைக்காரர் வேண்டாவெறுப்பாகப் போட்டார். வாணவேடிக்கை புஸ்ஸென்று பழுப்பாகிவிட்டது. காதணியும் அப்படியே. கடைசி வரிசையில் ஓரமாக இருந்த ஒன்றுதான் நிறம் மாறவில்லை. ஆரஞ்சு நடு, பச்சை ஓரம். அதுவேதான்!

அவர் ஆவலாகக் குனிந்ததும் பூக்கள் எல்லாம் சட்டென்று மூடிக்கொண்டன.

சீட்டைப் படித்தார். சிடுமூஞ்சி.

"இது ஒரு அக்கா வீட்டுல வளத்து, துண்டு துண்டா வெட்டிக் கொண்டுவந்து குடுக்கறது சார். பேரும் அவங்க வச்சதுதான். யாராவது கிட்ட போனா மூஞ்சியச் சுருக்கிக்கும், கொஞ்ச நேரம் தனியா விட்டா தானா விரியும். அப்படியே எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லிச் சிரிப்பாங்க."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்து, ஒரு துண்டு கேட்டார். பூக்கள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கின.

கடைக்காரர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு துண்டும் யார் வீட்டுக்குப் போகிறது என்று அந்த அக்கா வந்ததும் கேட்பாராம். வாங்குகிறவர் பெயரை எழுதாமல் கொடுக்க முடியாதாம்.

"என்ன பேரு போடட்டும் சார்?"

கடிகாரத்தில் ஐந்தேகால். ஒரு பொய்ப் பெயர் அவர் நாக்கு நுனி வரை வந்தது.

"சீட்டுல இருக்கிற பேரையே போட்டுக்கோங்க" என்றார்.