இறங்காத குதிகால்

அக்காவின் பாதங்களுக்கு இன்னும் வலு வரவில்லை என்று எலும்பு டாக்டர் சொன்னார். பாலே டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரல் நுனியில் நின்று ஆடும் நுனிக்கால் ஷூவை மாட்டி ஆண்டுவிழா மேடையில் ஏற்றினார். அக்கா விழுந்தாள். கணுக்கால் ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டார்கள், அந்த மயக்கத்திலேயே அவள் இறந்துபோனாள். "அவ ஒழுங்கா பயிற்சி பண்ணல" என்று டீச்சர் ஊரெல்லாம் சொன்னார்.

விடுமுறைக்குப் பின் வகுப்பு தொடங்கியது. நானும் இருந்தேன். டீச்சர் தரையில் உட்கார்ந்து, பாதங்களில் ரப்பர் பட்டையை மாட்டி, விரல்களை முன்னால் நீட்டிக் காட்டினார். நீட்டிய பாதங்கள் மடங்கவில்லை. எழுந்தபோது குதிகால்கள் தரையைத் தொடவில்லை. ஸ்கேனில் ஒரு கோளாறும் இல்லை. கடைக்கும் பேங்குக்கும் நுனிக்காலிலேயே போய் வந்தார். தூக்கத்திலும் பாதம் தளரவில்லையாம்.

ஒரு மாலை, சுவரைப் பிடித்தபடி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கால்விரல்களில் ரத்தம் கசிந்தது.

"தப்பு என்னோடதுதாம்மா. அவ நல்லாத்தான் பண்ணினா. என்னை விட்டுடச் சொல்லுங்க" என்று அழுதார்.

அம்மா கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

"என் பேச்சை அவ எங்க கேக்கறா? உள் ரூம்லதான் இருக்கா. நீங்களே போய்க் கேளுங்க."