கவிழ்ந்த கப்பலின் முதுகில்

ஜப்பான்காரன் குண்டுக்குக் கவிழ்ந்த ரஷ்யப் போர்க்கப்பல் சாயங்கால வெயிலில் அடிவயிற்றைக் காட்டி மிதக்கிறது. மாதக்கணக்கில் கடல் கடந்து வந்ததில் சிவப்புத் தகடெங்கும் பாசி தாடியாய்த் தொங்க, அதைப் பிடித்தபடி பீரங்கிக்காரன் யெஃபீமும் மாலுமி லுக்யானும் உட்கார்ந்திருக்கிறார்கள். சாவுக்கென்று காலையில் மாற்றிய சலவைச் சட்டை இருவர் உடம்பிலும் எண்ணெயும் கரியுமாய் ஒட்டியிருக்கிறது. காலடியில், இரும்புக்குள்ளிருந்து, டங் டங் என்று சத்தம். இயந்திர அறைக்காரர்கள். சண்டையின்போது அவர்கள் தலைக்கு மேலுள்ள மூடியை வெளியிலிருந்து முடுக்கிவிடுவது இந்தப் படையின் வழக்கம். குண்டுச்சிதறல் உள்ளே விழக்கூடாதாம். ஆள் எப்படி வெளியே வருவான் என்று எவனும் யோசிக்கவில்லை. இன்று முடுக்கியவன் லுக்யான். ஸ்பானர் இன்னும் அவன் இடுப்பில் தொங்குகிறது; மூடியோ கப்பலோடு தலைகீழாகத் தண்ணீருக்கு அடியில். யெஃபீம் பூட்ஸ் குதிகாலால் பதிலுக்குத் தட்டுகிறான். “ஏண்ணே தட்டுற? காப்பாத்த வந்துட்டோம்னு நெனச்சுக்குவாங்க.” “நெனச்சுக்கட்டும்டா. ஒனக்கு என்ன நஷ்டம்?” தண்ணீர் பாசியை மூடிக்கொண்டு முழங்காலுக்கு ஏறுகிறது. லுக்யான் ஸ்பானரை உருவி, இரண்டு கையாலும் ஓங்கித் தட்டுகிறான். உள்ளே சட்டென்று அமைதி. பிறகு, மெல்லிசாக, பல குரல்களில், சந்தோஷக் கூச்சல்.