நடுக்காட்டில் கால் ஏக்கர்

"ஜாஸ்லினுக்கு இங்கதான் இடம் வேணும்," என்று மார்வா வரைபடத்தின் நட்டநடுவில் விரலை வைத்தாள்.

எலியட் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். சாலையோரமாக எங்காவது காட்டியிருந்தால் அவனுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

மேப்பிள், பீச் மரங்களாக நூற்றெண்பது ஏக்கர். எதிர்மலை முழுக்கப் பனிச்சறுக்கு விடுதிகள் வந்துவிட்ட பிறகு, வெர்மான்ட் மாநிலத்தின் அந்தப் பள்ளத்தாக்கில் வெட்டுப்படாமல் மிஞ்சியிருந்தது இந்த ஒரு காடுதான். விடுதிக்காரர்கள் மூன்று முறை வந்து கேட்டும் மார்வாவின் கணவர் வெண்டல் மசியவில்லை. எலியட் வேலை பார்க்கும் காட்டுப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு அவராகவே கடிதம் போட்டார்.

பத்திரம் முடிந்தாலும் நிலம் அவர்கள் பெயரில்தான் இருக்கும். மரம் வெட்டலாம், மேப்பிள் சாறு இறக்கிப் பாகு காய்ச்சலாம், வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். வீடு கட்டும் உரிமையையும் மனை பிரிக்கும் உரிமையையும் மட்டும் அறக்கட்டளையிடம் நிரந்தரமாக விட்டுவிட வேண்டும். பின்னால் யார் வாங்கினாலும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

இதுவரை இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டதால், கோப்பு எலியட் கைக்கு வந்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரே மகள் ஜாஸ்லின் முழுச் சம்மதம் தெரிவித்துச் செப்டம்பரில் எழுதிய கடிதம் அதில் இருந்தது. தனக்கென்று இடம் ஒதுக்கச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை.

கையெழுத்துப் போடும் நேரத்தில் நிலத்துக்காரர்களுக்குப் பிள்ளை ஞாபகம் வருவது அவனுக்குப் புதிதல்ல. காடு காடாகவே இருக்கட்டும் என்பார்கள். என் பிள்ளைக்கு ஒரே ஒரு வீடு மட்டும் என்பார்கள். அதுவும் இருப்பதிலேயே நல்ல இடமாகப் பார்த்துக் கேட்பார்கள்.

நடுவில் ஒரு வீடு வந்தால் அதுவரை சாலை போட வேண்டும், கம்பம் நட வேண்டும், காடு இரண்டாகப் பிளந்துவிடும் என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னான். நாளை மறுநாள் கூடும் அறக்கட்டளைக் குழு இதை ஏற்காது என்றும், சாலையை ஒட்டி இரண்டு ஏக்கர் என்றால் தானே பேசி வாங்கித் தருவதாகவும் சொன்னான்.

"ரெண்டு ஏக்கர்லாம் வேணாம் தம்பி. கால் ஏக்கர் போதும்," என்றார் வெண்டல். "ரோடு வேணாம், கரன்ட்டும் வேணாம்."

"தண்ணிக்குக் கிணறாவது வேணுமே?"

"வேணாம்."

எலியட்டுக்குப் புரிந்துவிட்டது. நகரம் அலுத்துப்போய், காட்டுக்குள் குடிசை போட்டு விளக்கில்லாமல் வாழ்கிறேன் என்று கிளம்பும் ரகம். அப்படிப்பட்டவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

"இப்ப வேணாம்னுதான் சொல்லுவாங்க. ரெண்டு குளிர்காலம் போகட்டும், அவங்களே ரோடு கேப்பாங்க."

"அவ கேக்க மாட்டா," என்றாள் மார்வா. குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

எலியட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மார்ச் மாத வெயிலில் அவன் வந்த வழியெல்லாம் மேப்பிள் மரங்களில் சாறு பிடிக்கும் வாளி தொங்கியது. இந்தக் காட்டில் மட்டும் ஒரு மரத்திலும் இல்லை. பேச்சை மாற்றுவதற்காக அதைக் கேட்டான். இந்த வருஷம் கை ஓடவில்லை என்று மட்டும் வெண்டல் சொன்னார்.

பிறகு அவரே சொன்னார். "எடத்தப் பாத்து வச்சது அவதான். அக்டோபர்ல நானும் அவளுமா நடந்து போனோம். முக்கா மைலுக்கு நாலு தடவ உக்காந்துட்டா. அங்க போனதும், இந்த எடம்தான்ப்பான்னு சொன்னா."

அவ்வளவு பிடிவாதம் இருந்தால் அவளே குழுவின் முன் வந்து பேசட்டுமே என்று எலியட் நினைத்தான். அவள் இப்போது எங்கே தங்கியிருக்கிறாள் என்று கேட்டான்.

"கீழ ஊர்லதான். சர்ச்சுக்குப் பின்னாடி, கல்லுக் கட்டடத்துல," என்றாள் மார்வா. "ஜனவரியிலேருந்து அங்கதான் இருக்கா."

"பக்கத்துலதான இருக்காங்க. பின்ன இங்க வேலைய எப்ப ஆரம்பிக்கப் போறாங்க?"

"மே மாசம் ஆயிடும். அதுவரைக்கும் அவ அங்கதான். மண்ணு பாறையா உறைஞ்சு கெடக்கு, இப்பக் கடப்பாரை எறங்காது."

இதற்கு மேல் வாதாட எலியட்டுக்கு மனமில்லை. குழு என்ன வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளட்டும், எழுதி அனுப்பிவிடுவோம் என்று விண்ணப்பத்தாளை எடுத்தான். விலக்கு கேட்கும் பரப்பு என்ற இடத்தில் கால் ஏக்கர் என்று எழுதினான். அதற்கு அடுத்த கட்டத்தில், அங்கே என்ன வரப்போகிறது என்று குறிப்பிட வேண்டும்.

"வீடுன்னு போட்டா ஒரே அடியா தள்ளிடுவாங்க," என்றான். "குடிசைன்னு போடட்டுமா?"

மார்வா எழுந்து அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, அங்கேயே முதுகைக் காட்டி நின்றாள். வெண்டல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கல்லறைன்னு போட்டுக்க, தம்பி."