கம்பளி போர்த்திய எருமை

பனி நாட்டிலிருந்து வந்த வெள்ளைக் கரடிகள் காட்டுக் குளத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் ரோமம் இல்லாதவர்கள் கரைக்கு வரக்கூடாது என்று சட்டம் போட்டன. வெயில் தாங்காமல் அவை ஊர் திரும்பிப் பல காலம் ஆகிவிட்டது. இப்போது குளம் எருமைகளின் கையில். சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு சித்திரை மாத மத்தியானம், கம்பளி போர்த்திக்கொண்டு மூச்சு வாங்கக் காவல் நின்றது ஒரு எருமை. கம்பளி நனைந்துவிடும் என்று அதுவும் தண்ணீரில் இறங்குவதில்லை. நாக்கு வறண்டு வந்த செம்மறியாட்டை அது கொம்பால் மறித்தது.

"ரோமம் எங்கே?"

"நேத்துதானே கத்தரிச்சீங்க, அண்ணே! நீங்க போர்த்தியிருக்கிறதே என்னோடதுதான்."

"அது எனக்குத் தெரியாதா? இப்ப உன் மேல இல்லையே."

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போயிடறேன். உயிர் போகுது. உங்களுக்கே புழுங்கலையா?"

"புழுங்குது. அதுக்காக மரியாதையை விட்டுட முடியுமா?"

அந்த நேரத்தில் பழைய கரடி ஒன்றின் பேரன் ஊர் சுற்றிப் பார்க்க வந்தது. வெயிலுக்குப் பயந்து உடம்பு முழுக்க மழித்திருந்தது. எருமை பதறிப்போய் வழிவிட்டது.

"அவருக்கும் ரோமம் இல்லையே, அண்ணே?"

"சட்டம் போட்டவங்க வீட்டுப் பிள்ளை. வாயை மூடு."

தொப்பென்று குளத்தில் விழுந்த கரடி, எருமையை அதிசயமாகப் பார்த்தது. "இந்த வெயிலில் கம்பளியா? உங்கள் ஊர்ப் பழக்கமெல்லாம் எவ்வளவு விசித்திரம்!"

எருமைக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டு ஆட்டின் பக்கம் திரும்பியது.

"கேட்டியா? நம்ம பழக்கத்தை வெளிநாட்டுக்காரரே மெச்சுறார். நீ என்னடான்னா, தண்ணி தண்ணிங்கிறே."