யார் அழுத்தியது?

எதையாவது தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தில், போனைக் காதில் வைத்ததுமே அவளுக்கு வேர்த்துவிட்டது.

பேசியது சுகாதார அலுவலகத்துப் பெண்.

“பதறாதீங்கம்மா. உங்களுக்குத் தொற்று லேசாத்தான் வந்திருக்கு. வீட்டோட இருந்தா சரியாயிடும். எங்க வேலை பார்க்கறீங்க?”

“தையல் கம்பெனிங்க. சட்டைக்குக் காலர் வைப்பேன். நான் சொல்றதுல ஏதாவது முன்னே பின்னே இருந்தா கேஸ் கீஸ் போட்டுடாதீங்க.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லை. உங்க போன்ல தொற்று ஆப் இருக்கில்ல? அதுல ‘தெரிவி’ன்னு ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினா, உங்க பக்கத்துல இருந்தவங்களுக்கெல்லாம் தகவல் போகும். அவங்களும் டெஸ்ட் எடுத்துக்குவாங்க. உங்க பேர் போகாது. ஆனா, அழுத்தறது உங்க இஷ்டம்தான்.”

“பேர் போகாதே?”

“போகாதும்மா.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

போனை வைத்த பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. பேர் தெரிந்துவிட்டால் அந்த மிஷினில் மறுபடி உட்கார விடுவார்களா? வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். பேசாமல் விட்டுவிட்டால் என்ன?

பக்கத்து மிஷின்காரி மாசமாக இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்திவிட்டாள்.

அந்தக் கம்பெனியில் வேலை நேரத்தில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது. காலையில் வாசலில் ஆப்பைத் திறந்து, தொற்று இல்லை என்பதற்குப் பச்சை காட்டிவிட்டு, சூப்பர்வைசர் மேஜையில் இருக்கும் தகரப் பெட்டியில் போனைப் போட்டுவிட வேண்டும். மிஷின்களைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாலும், போன்கள் மட்டும் நாள் முழுக்க ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடக்கும்.

ஆப் பார்ப்பதோ போன்களின் நெருக்கத்தைத்தான். அதனால் சூப்பர்வைசர் உள்பட, ஆப் வைத்திருந்த ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் தகவல் போயிற்று. கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது.

மறுபடி திறந்த அன்று, மிஷின் ஓடுவதற்கு முன்பே விசாரணை ஓட ஆரம்பித்துவிட்டது.

“யாருடி இதை இங்க கொண்டு வந்த புண்ணியவதி?”

“என் மாமியார் என்னை ரூம்ல போட்டு அடைச்சு, தட்டைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டாங்க!”

“உனக்காவது உட்கார்ந்த இடத்துல சோறு கிடைச்சுதே.”

“தகவல் வந்ததாலதான் நான் சீக்கிரம் டாக்டர்கிட்ட போனேன். ‘நல்ல நேரத்துல வந்தீங்கம்மா’ன்னார்” என்றாள் மாசமாக இருந்தவள். அது யார் காதிலும் விழவில்லை.

“ஆள் மட்டும் கிடைக்கட்டும், இந்தக் கம்பெனி வாசப்படி மிதிக்க விடமாட்டேன்” என்றாள் பாக்கெட் தைக்கிறவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “யோசிச்சுப் பாருங்க. நம்ம எல்லார்கிட்டயும் ஆப் இருக்கு. தினம் பச்சை காட்டிட்டுத்தான் வர்றோம். ஆப் இல்லாம உள்ளே வர்றது யாரு?”

எல்லோரும் காஜா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டையைத் தைப்பவர். ஆப் இல்லாததால், தினமும் வாசலில் நெற்றியை நீட்டிக் காய்ச்சல் பார்த்துக்கொண்டு உள்ளே வருபவர்.

“அந்த டப்பா பட்டன் போனைத் தூக்கிப் போடுங்கக்கான்னு எத்தனை தடவை தலைதலையா அடிச்சுக்கிட்டோம்! எங்கெங்க சுத்திட்டு வந்தாங்களோ, யாரு கண்டா?”

காஜா அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

“நீ என்ன சொல்றே, காலரு?”

அவள் தலை ‘ஆமாம்’ என்று ஆடிவிட்டது.

சாயங்காலத்துக்குள் காஜா அக்காவின் மிஷின் கழிப்பறைக் கதவோரம் போய்விட்டது. தண்ணீர் குடிக்கத் தனி டம்ளரும் வந்துவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரம். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த காஜா அக்காவின் பக்கத்தில் போய் நின்றதுமே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான்...”

“சொல்ல வேணாம். தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எல்லாரும் யாரு யாருன்னு குதிச்சாளுங்க. நீ ஒருத்திதான் கேட்கலை.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “அப்போ, நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா? பழியை ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

“அந்தத் தகவல், ஆப் வெச்சிருக்கிறவ அழுத்தினாத்தானேடி போகும்? என் டப்பா போன்ல எதை அழுத்த? நான் இல்லைன்னு சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும்.”

“பின்னே?”

காஜா அக்கா கையை உதறினார்.

“சொன்னா, மறுபடி தேடுவாளுங்க. உன்னைக் கண்டுபிடிச்சு அதே கதவோரம் தள்ளுவாளுங்க. அதைப் பார்த்த பிறகு, நாளைக்கு வேற ஒருத்திக்கு வந்தா, அவ அழுத்துவாளா? நான் இன்னும் கொஞ்ச நாள் கதவோரம் உட்கார்ந்தா ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்டேன். நீ வாயைத் திறக்காதே. முகத்தைத் துடைச்சுக்கிட்டு வா.”

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு, கர்ர்ரென்று தரையைத் தேய்த்துக்கொண்டு ஒரு சத்தம். அவள் தன் மிஷினைக் கதவோரமாக இழுத்துக்கொண்டு போனாள். காஜா அக்காவின் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டு, அக்காவின் டம்ளரிலேயே தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டாள்.

“ஏய் காலரு! பைத்தியமா உனக்கு?” என்று கத்தினாள் பாக்கெட் தைக்கிறவள். “அவங்ககிட்ட போய் ஒட்டிக்கிறே! உனக்குப் பயமே இல்லையா?”

“ரொம்பப் பயமா இருக்கு, உங்களையெல்லாம் பார்த்தா” என்றாள் அவள். “அதான் இங்க வந்துட்டேன்.”